சொந்தச் சைக்கிளோடு கடல் கடப்பது

விடுமுறையில் வெளிநாடு போகிறவர் யாரும் வீட்டுக் காரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. போன இடத்தில் வாடகைக்கு ஒன்றை எடுத்து, இருக்கையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு ஓட்டத் தொடங்கிவிடுகிறார். சைக்கிளில் மட்டும் வழக்கம் வேறாக இருக்கிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வடக்கு நாடுகளிலிருந்தும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் புறப்படும் விமானங்களில் பெரிய பெரிய பெட்டிகள் ஏறத் தொடங்குகின்றன. அவற்றுக்குள் கழற்றி அடக்கிய சைக்கிள்கள். டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் கொடுத்து, முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லிவைத்து, விமான நிலையத்தில் அளவு மீறிய சுமைகளுக்கான கவுண்டரில் காத்திருந்து ஒப்படைக்கிறார்கள். இறங்கிய ஊரில் நல்ல சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தும் இதைச் செய்கிறார்கள். இதைப் பணக்கார நாட்டவரின் வீண் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தப் பிடிவாதத்துக்குள் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே அளவுகோல் போதும் என்பது என் எண்ணம்.

சொந்த வண்டியோடு கடல் கடக்கும் பழக்கம் விமானத்தோடு வந்ததில்லை. நெடும்பயணச் சைக்கிள் தோன்றிய காலத்திலேயே அதுவும் தோன்றிவிட்டது. 1884-இல் தாமஸ் ஸ்டீவன்ஸ் முன்சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்த பழைய வகைச் சைக்கிளில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சைக்கிளோடு கப்பலேறி லிவர்பூலில் இறங்கி, ஐரோப்பாவையும் துருக்கியையும் பாரசீகத்தையும் கடந்தார். ஆப்கானிஸ்தானில் வழி மறிக்கப்பட்டதும் திரும்பிவந்து கடல்வழியாக இந்தியா சேர்ந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் மிதித்தார். பிறகு மறுபடி கப்பல், சீனா, ஜப்பான். 1886 டிசம்பரில் யோகோகாமாவில் பயணம் முடிந்தது. சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று வரலாறு சொல்லும் அவரே, நிலம் முடிந்த இடத்திலெல்லாம் வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் தொடர்ந்தார். 1963-இன் கடுங்குளிரில் டன்கர்க்கிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட அயர்லாந்துக்காரி டெர்வ்லா மர்ஃபியும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டித் தம் சைக்கிளைக் கொண்டுவந்துதான் முதல் மிதியை மிதித்தார். அந்த வண்டிக்கு ராஸ் என்று பெயர்கூட வைத்திருந்தார்.

பழக்கம் பழையது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. சைக்கிளுக்கும் மற்ற வாகனங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். காரில் உடல் பயணி. சைக்கிளில் உடல்தான் எந்திரம். நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் ஐந்து மணி நேரம் மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரே நாளில் 24,000 முறை மடங்கி நிமிர்கிறது. சீட் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்தப் பிழை 24,000 முறை முட்டியில் விழுகிறது. மாலையில் சற்றே எரிச்சலாகத் தெரிவது மூன்றாம் நாள் படியிறங்க முடியாத வலியாக முற்றும். உள்ளங்கை, பாதம், இருக்கை எலும்பு என்று வண்டியோடு உடல் பொருந்தும் இடங்கள் சில அங்குலங்கள்தான். அந்த அங்குலங்கள் வழியாகத்தான் முழு எடையும் முழு உழைப்பும் போகின்றன. ஆண்டுக்கணக்காக ஒருவர் தம் வண்டியின் சீட்டை ஒரு நூல் உயர்த்தி, ஒரு நூல் பின்தள்ளி, ஹேண்டில்பாரைச் சற்றே திருகி, வலி இல்லாத ஓர் அமைப்பை எட்டியிருப்பார். தோல் சீட் என்றால் அது அவருடைய எலும்பின் அச்சையே வாங்கிக்கொண்டிருக்கும். இதைச் சொத்து என்று சொல்வதைவிட உடலின் பதிவு என்று சொல்வதே பொருத்தம்.

அளவுகளைக் குறித்துக்கொண்டு போய் வாடகை வண்டியை அப்படியே சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். பாதி உண்மை. சீட்டின் உயரத்தையும் அது பின்தள்ளியிருக்கும் தூரத்தையும் டேப் வைத்து அளந்து பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சொந்தச் சீட்டையும் பெடலையும் மட்டும் பையில் போட்டு எடுத்துச் செல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சராசரி உயரமும் சராசரி அங்க அளவும் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஃபிரேமின் நீளத்தை ஸ்பேனரால் குறைக்க முடியாது. பெடல் மாட்டும் கிராங்க் 165 மில்லிமீட்டரா 175 மில்லிமீட்டரா என்பதை வாடகைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்காக மாற்றிக்கொண்டிருக்க மாட்டார். ஹேண்டில்பாரின் அகலம் தோளின் அகலத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்; அதுவும் இருப்பதுதான். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள பெண், ஆறரை அடி மனிதர், இடுப்புக்குக் கீழ் அசைவில்லாமல் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர், பார்வையற்றவரைப் பின்னால் அமர்த்தி இருவர் மிதிக்கும் வண்டியை ஓட்டுகிறவர் ஆகியோருக்கு வாடகைக் கடையில் பதில் கிடையாது, அல்லது கிடைப்பது அரிது. வாடகைத் தொழில் அதிகம் வாடகைக்குப் போகும் அளவுகளைத்தான் வாங்கி நிரப்பும். அதில் தவறு சொல்ல ஏதுமில்லை. அந்த அளவுகளுக்கு வெளியே நிற்கும் உடல்களுக்குச் சொந்தச் சைக்கிள்தான் பயணத்தின் நுழைவுச்சீட்டு. சொந்த வண்டியைத் தூக்கிச் செல்வதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சராசரி உடலை மனதில் வைத்தே பேசுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சங்கடத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதியவர்களுக்கும் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் மலைச்சாலையை மறுபடி திறந்துவிட்ட மின்சைக்கிளை விமானத்தில் கொண்டுபோக வழியில்லை. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்மணி வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதையும் தாண்டினால் அனுமதியே கிடையாது. மின்சைக்கிளின் பேட்டரி சாதாரணமாக 400-இலிருந்து 700 வாட்மணி வரை இருக்கும். பேட்டரி தீப்பிடித்தால் நடுவானில் அணைப்பது மிகக் கடினம் என்பதால் இந்த விதியில் யாரும் குறை காண முடியாது. ஆகவே வாடகை வண்டி மிக அவசியமாகும் கூட்டம் இதுதான். சொந்த வண்டிக்காக வாதாடும் யாரும் வாடகைக் கடைகளுக்கு எதிராகப் பேசிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உடலுக்கு அடுத்தது அறிவு. சைக்கிளைப் பெட்டிக்குள் அடக்குவதற்கு அதைத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பெடல்கள். வலப்பக்கப் பெடல் எல்லாத் திருகையும்போல இடப்புறம் சுற்றினால் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ். இது தெரியாதவர் பலத்தையெல்லாம் கூட்டி அதை இறுக்கிக்கொண்டே இருப்பார். பிறகு ஹேண்டில்பாரைக் கழற்றி ஃபிரேமோடு ஒட்டிக் கட்ட வேண்டும். சீட்டைத் தண்டோடு உருவி எடுக்கும் முன் அது நின்ற உயரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைக்க வேண்டும். சக்கரங்களைக் கழற்றியதும் முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு கட்டையையோ பிளாஸ்டிக் துண்டையோ கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே விழும் ஒரு பெட்டியின் எடையில் கால்கள் உள்நோக்கி நெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் பட்டைகளுக்கு நடுவிலும் அட்டைத்துண்டு வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்சக்கரத்துக்கு அருகில் கியர் மாற்றியைத் தாங்கும் விரல் நீள அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்பார்கள். வண்டி கீழே விழுந்தால் ஃபிரேம் பிழைக்கட்டும் என்று தானே வளைவதற்காகச் செய்யப்பட்டது அது. விமானத்தில் வரும் வண்டிகளில் அடிக்கடி வளைவதும் அதுவே. ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு வடிவம் என்பதால் ஒரு தொலைதூரக் கிராமத்தில் அது கிடைக்க வாய்ப்பே இல்லை. அனுபவமுள்ளவர்கள் கியர் மாற்றியைக் கழற்றி பபுள் தாளில் சுற்றி ஃபிரேமின் உட்பக்கம் கட்டுவார்கள். சில கிராம் எடையுள்ள மாற்று ஹேங்கர் ஒன்றையும் பையில் வைத்திருப்பார்கள்.

டயர் காற்று விஷயத்தில் ஒரு நம்பிக்கை நிலைத்துவிட்டது: காற்றை இறக்காவிட்டால் வானத்தில் வெடித்துவிடும் என்று. பல விமான நிறுவனங்களும் அதையே விதியாக்கியிருக்கின்றன. இன்றைய பயணிகள் விமானத்தில் பயணிகள் அமரும் பகுதியைப் போலவே சரக்கறையிலும் காற்றழுத்தம் பேணப்படுகிறது. எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே அது போவதில்லை. கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கு. ஆக, டயருக்கு வெளியே குறையும் அழுத்தம் கால் வளிமண்டலம், அதாவது நாலு பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. எண்பது தொண்ணூறு பி.எஸ்.ஐ. தாங்கும் டயருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அழுத்தம் முழுவதுமே போய்விட்டாலும் கூடுவது பதினைந்து பி.எஸ்.ஐ.க்குள்தான். காற்றை முழுக்க இறக்கிவிட்டால் ரிம்முக்கு இருந்த மெத்தை போய்விடும், பெட்டி தடாலென்று விழும்போது சக்கரம் கோட்டம் எடுக்கும். விதியை மதித்துப் பாதிக் காற்றை இறக்கி, பாதியை விட்டுவைப்பதே அறிவு. எதற்காக இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த வேலைகளைச் செய்துமுடித்தவர் தம் வண்டியை முன்பைவிட நன்றாக அறிந்தவராகிறார். ஊருக்கு ஊர் நூறு கிலோமீட்டர் இடைவெளி உள்ள தஜிகிஸ்தானின் பாமீர் நெடுஞ்சாலையிலோ ஐஸ்லாந்தின் உட்பகுதியிலோ செயின் அறுந்தால், ஸ்போக் ஒடிந்தால், அவரைக் காப்பாற்றுவது அந்த அறிவு. வாடகை வண்டியில் வரும் சத்தம் எதனுடைய சத்தம் என்று முதல் நாலு நாளைக்குத் தெரியாது. சொந்த வண்டியில் சத்தம் மாறிய நொடியே தெரியும்.

எல்லாரும் தாமே கழற்றி மாட்டுவதில்லை, கடைக்காரரிடம் கொடுத்துக் கட்டச் சொல்கிறவர்களும் உண்டு என்பது உண்மை. போய் இறங்கியதும் யார் மாட்டுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்க வேண்டும். விடை ஒரு வாடகைக் கடையின் மெக்கானிக் என்றால், அந்தக் கடையிலேயே ஒரு வண்டியை எடுத்துவிடலாம்.

மயோர்க்காவை எடுத்துக்கொள்வோம். சொந்த வண்டிக்கான வாதம் மிகப் பலவீனமாகும் இடம் அதுதான். தீவின் வடமேற்கில் திராமுந்தானா மலைத்தொடர். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் நடுவே சா கலோப்ரா என்ற சிறு துறைக்கு இறங்கும் சாலை, 1932-இல் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் அமைத்தது. சுமார் ஒன்பதரை கிலோமீட்டரில் கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கி, ஓரிடத்தில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே நுழைந்து போகும். ஐரோப்பாவின் சைக்கிள் பித்தர்களுக்கு அது தலயாத்திரை. தீவு முழுக்க வாடகைக் கடைகள். பந்தயத்துக்கு உரிய இலகுவான வண்டிகள், சிறியது முதல் பெரியது வரை பல அளவுகளில், ஓட்டலின் வாசலிலேயே கிடைக்கின்றன. ஒரு வாரம் ஒரே ஓட்டலில் தங்கி, காலையில் கிளம்பி மாலையில் அதே கதவுக்குத் திரும்பி வருகிறவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருவது எதற்கு? போகவரச் சைக்கிளுக்கான கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் அது ஒரு வார வாடகையை நெருங்கிவிடுகிறது. இருபுறமும் கட்டிப் பிரிக்கும் நேரத்தைச் சேர்த்தால் விடுமுறையில் ஒரு நாள் போய்விடும். வாடகைக் கடையால் உள்ளூர் மெக்கானிக்குக்கு வேலை கிடைக்கிறது. இந்தப் பயணிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சீட்டையும் பெடலையும் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். ஜப்பானில் ஒனோமிச்சிக்கும் இமாபாரிக்கும் நடுவே தீவுகளைப் பாலங்களால் இணைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் ஷிமனாமி பாதையிலும் இதே நியாயம்தான். அங்கே ஒரு முனையில் வண்டியை எடுத்து மறுமுனையில் விட்டுவிடவும் முடிகிறது.

பாதை வட்டமாக இல்லாமல் கோடாகும்போது கணக்கு மாறிவிடும். ஒரு நாட்டில் இறங்கி மாதக்கணக்கில் மிதித்து இன்னொரு நாட்டில் விமானம் ஏறுகிறவருக்கு எந்தக் கடையும் வண்டி தராது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய சவாலுக்குப் போகிறவருக்கும் வாடகை வண்டி உதவாது. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இதற்குத் தெளிவான உதாரணம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் நடக்கும் அந்தச் சவாரியில் சுமார் 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இரவும் பகலும் மழையும் குளிரும் அதற்குள் அடக்கம். அதே ஆண்டு 200, 300, 400, 600 கிலோமீட்டர் சவாரிகளை முடித்தவர்களுக்கே இடம். 2019-இல் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். தமிழ்நாட்டவரும் அதில் உண்டு. மூன்று இரவு சேர்ந்தாற்போல் தூங்காத உடல், பழகாத சீட்டின் மேல் 90 மணி நேரம் உட்கார முடியாது. விளக்கு, பை, தண்ணீர்ப் புட்டி, கியர் விகிதம் எல்லாம் தகுதிச் சவாரிகளில் சோதித்து முடிவு செய்தவை. அவற்றில் ஒன்றைக் கடைசி நேரத்தில் மாற்றுவது ஆறு மாத உழைப்பைப் பணயம் வைப்பது. இந்தியாவிலிருந்து விலை உயர்ந்த வண்டியோடு கிளம்புகிறவர் புறப்படும் விமான நிலையத்தின் சுங்கத் துறையில் ஏற்றுமதிச் சான்று ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று வரி கேட்டால் காட்ட அது வேண்டும்.

சேதம் பற்றிய அச்சம் நியாயமானது; அதற்கான சட்டம் மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. பன்னாட்டு விமானப் பயணத்தில் சாமான்களுக்கான பொறுப்பை 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. இழப்பீட்டின் உச்சவரம்பு பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். அலகில் கணக்கிடப்படுகிறது. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அது ஒரு பயணிக்கு 1,519 அலகு, ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். பெட்டிக்குள் இருக்கும் துணிமணி உட்பட எல்லாச் சாமானுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. இன்றைய கார்பன் ஃபிரேம் சைக்கிள்கள் பல இதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. ஒப்படைக்கும்போதே மதிப்பை எழுத்தில் அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினால் வரம்பை உயர்த்திக்கொள்ள உடன்படிக்கை இடம் தருகிறது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே ஓட்டலுக்குப் போய், பத்து நாள் கழித்து விரிசலைக் கண்டுபிடிப்பவருக்கு உரிமை போய்விடும். விமான நிலையத்திலேயே பிரித்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சார்பு உண்டு, அதை மறைக்கவில்லை. விமானப் பயணத்துக்கு உகந்தது எஃகு ஃபிரேம். வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், நிமிர்த்தலாம். ஒடிந்தால் வெல்டிங் பட்டறை உள்ள எந்த ஊரிலும் ஒட்டலாம். கார்பனில் உள்விரிசல் வெளியே தெரியாமல் இருந்து மலையிறக்கத்தில் உயிருக்கு உலை வைக்கலாம். கலிபோர்னியாவின் எஸ் அண்ட் எஸ் மெஷின் நிறுவனம் உருவாக்கிய இணைப்பைப் பொருத்திய ஃபிரேம் நடுவில் இரண்டாகப் பிரிந்து 26 அங்குல நீளம், 26 அங்குல உயரம், 10 அங்குல அகலமுள்ள பெட்டிக்குள் அடங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் 62 அங்குலம். சாதாரணப் பெட்டிக்குப் பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் உச்ச அளவும் அதுவே. எனவே தனிக் கட்டணத்துக்கு வேலையில்லை. பெட்டிகளிலும் விலை உயர்ந்ததே சிறந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. உறுதியான பிளாஸ்டிக் பெட்டி தன் எடையிலேயே பத்துக் கிலோவுக்கு மேல் எடுத்துக்கொண்டு 23 கிலோ வரம்பில் பாதியைத் தின்றுவிடும். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறுகிறவர் அதை எங்கே விட்டுவைப்பார்? சைக்கிள் கடையில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டால் சும்மா கொடுத்துவிடுவார்கள். பெட்டியே இல்லாமல் தடித்த தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கமும் பிரிட்டிஷ் பயணிகளிடம் உண்டு. உள்ளே இருப்பது சைக்கிள் என்று சுமை ஏற்றுகிறவர் கண்ணுக்குத் தெரிந்தால் அதன்மேல் இன்னொன்றை எறிய மாட்டார் என்பது அதற்கான காரணம். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான கிலோ தூக்கி இறக்கும் தொழிலாளியின் கண்ணையும் மனசாட்சியையும் நம்பும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. சைக்கிள், புகை கக்காத வாகனம். அதை ஓட்டுவதற்காகவே மண்ணெண்ணெய் எரியும் விமானத்தில் ஏறுவது முரண் இல்லையா? முதலில் சைக்கிளின் பங்கை மட்டும் தனியே பார்ப்போம். விமானத்தில் ஏற்றும் கூடுதல் எடைக்கு மணிக்கு ஏறக்குறைய மூன்று சதவீத எடையுள்ள எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியோடு 20 கிலோ சைக்கிள், லண்டனிலிருந்து மயோர்க்காவுக்கு இரண்டரை மணி நேரம்: ஒன்றரைக் கிலோ எரிபொருள். ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமிலவாயு வெளியாகும். ஆக ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பயணியின் சொந்தப் பங்கோ ஒருவழிக்கே சுமார் நூறு கிலோ. எனவே சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு விமானத்தில் ஏறிய ஒருவர் இயற்கைக்குப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. கேள்வி சைக்கிளை விட்டு ஆளிடம் வந்து நிற்கிறது: இந்தப் பயணத்துக்கு விமானம் தேவையா?

இந்த இடத்தில்தான் பெட்டியின் சிரமம் பயன்படுகிறது. கழற்றிக் கட்டி, கட்டணம் கட்டி, தூக்கிச் சுமந்து, போன இடத்தில் மாட்டி, திரும்பவும் அட்டைப்பெட்டி தேடி அலைவது ஒரு வார இறுதிக்கு ஈடாகாது. ஒரு மாதப் பயணத்துக்கு ஈடாகும். விமானத்தின் புகைக்கும் அதே கணக்குத்தான். அடிக்கடி பறந்து நாலு நாள் மிதித்துத் திரும்புவதற்குப் பதில், பல ஆண்டுக்கு ஒருமுறை பறந்து நீண்ட நாள் மிதித்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விழும் புகை பலமடங்கு குறையும். அந்த நாட்களில் பேருந்தும் காரும் ஏறாமல் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். நான் தொடக்கத்தில் சொன்ன அளவுகோல் இதுதான். சொந்தச் சைக்கிளைக் கட்டித் தூக்கிப் போகும் பாட்டுக்கு ஈடாகாத பயணம், பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கும் ஈடாகாது. தம் உடலுக்கு வேறு வண்டி பொருந்தாதவரை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது. அவருக்கு நாலு நாள் விடுமுறைக்கும் உரிமை உண்டு. அவர் ரயிலில் போக வழி செய்யாதது மற்றவர்களின் குறை.

ரயிலும் கப்பலும் சைக்கிளை ஏற்றிக்கொண்டால் இந்த விவாதத்தில் பாதிக்கு அவசியமே இருக்காது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து ஸ்பெயினின் வடகரைக்குப் போகும் கப்பலில் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறலாம். ஒரு திருகையும் தொட வேண்டாம். பார்சிலோனாவிலிருந்து மயோர்க்காவின் தலைநகர் பால்மாவுக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. ஜப்பான் ரயில்களில் சைக்கிளைக் கழற்றி, முழுவதும் மூடும் பையில் போட்டு எடுத்துச் சென்றால் கட்டணமே கிடையாது. மூன்று பக்க அளவும் சேர்ந்து 250 சென்டிமீட்டருக்குள், எடை 30 கிலோவுக்குள் இருந்தால் போதும். புல்லட் ரயிலிலும் அப்படி எடுத்துச் செல்லலாம். டோக்கியோவின் ர்யோகோகு நிலையத்திலிருந்து போசோ தீபகற்பத்துக்கு, கழற்றாமலே சைக்கிளை நிறுத்தி வைக்கும் தனி ரயிலை 2018-இல் தொடங்கினார்கள். ஐரோப்பாவோ இதில் வெட்கப்படும் அளவு பின்தங்கியிருந்தது. ஜெர்மனியின் அதிவேக ரயில்கள் பல ஆண்டுகள் சைக்கிளை அனுமதிக்கவே இல்லை. 2017-இல் ஓடத் தொடங்கிய ஐ.சி.இ. 4 வகையில்தான் எட்டு சைக்கிள்களுக்கு இடம் வந்தது. ஒரு நாட்டு ரயிலில் பதிவு செய்த சைக்கிள் இடத்தை அடுத்த நாட்டு ரயிலிலும் தொடர்ந்து பெறுவது இன்றும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. விமான நிறுவனம் ஒரே இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு பெட்டியை எடுத்துக்கொள்கிறது. பலர் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது அதை விரும்பி அல்ல. நிலவழியை அவர்களுக்கு மூடிவைத்திருப்பதால்.

ஐரோப்பிய ஒன்றியம் ரயில் பயணிகளின் உரிமைகள் குறித்து 2021-இல் ஒரு விதிமுறை இயற்றியது. புதிதாக வாங்கும் ரயில்களிலும் பெருமளவில் புதுப்பிக்கும் ரயில்களிலும் குறைந்தது நான்கு சைக்கிள்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்ற அதன் பிரிவு 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் ஏறும் ரயிலில் நான்கு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரே ஒரு குடும்பம் ஏறினால் அந்த ரயில் நிறைந்துவிடும். இது போதாது.